வெர்லின் கேட்டு வாங்கிய வரி

ரைடல் ஊரில் யார் எதிரே வந்தாலும் வெர்லின் ஹாக்ஸ்டாட் முதலில் பார்ப்பது காலைத்தான். முகமெல்லாம் அப்புறம். பிரதான வீதியில், வங்கிக்கும் மூடிப்போன சினிமாக் கொட்டகைக்கும் நடுவே இருந்த ஷூ கடை அவருடைய அப்பா ஆரம்பித்தது. கடையோடு சேர்த்துக் கால் அளக்கிற இரும்புத் தகடும், கால்களைப் பற்றி ஓயாமல் பேசுகிற பழக்கமும் மகனுக்கு வந்து சேர்ந்தன. அப்பா வாடிக்கையாளர் காதில் மட்டும் விழும்படி பேசுகிறவர். வெர்லினுக்குத் தொண்டை பெரிது.

"உனக்கு இடது கால் அரை சைஸ் பெரிசு, தெரியுமா? உங்கப்பனுக்கும் அப்படித்தான். அதான் நடக்கறப்ப ஒரு பக்கமா இழுப்பான்" என்பார். கடைக்குள் வேறு நாலு பேர் இருப்பார்கள். இன்னொருத்தியிடம், "கட்டைவிரல் எலும்பு இப்படித் துருத்திட்டு இருக்கு, நீ கூர்மூக்கு ஷூ கேக்கறியே, அந்த விரல் என்ன பாவம் பண்ணிச்சு?" என்பார். சொல்வது அத்தனையும் சரியாக இருக்கும். அதுதான் சங்கடம். லூத்தரன் தேவாலயத்தில் ஒரு மூதாட்டியின் சவப்பெட்டி அருகே நின்று, "பாவம், வாழ்நாள் பூரா ஒரு சைஸ் சின்னதாவே போட்டுட்டுப் போயிட்டா" என்று மனைவி ஆர்லிஸிடம் கிசுகிசுத்தார். அவருடைய கிசுகிசுப்பு கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். யாரையும் நோகடிக்க வேண்டும் என்று அவர் நினைத்ததே இல்லை. ஊராரின் கால்கள் நன்றாக இருக்க வேண்டும் என்கிற கவலை, அவ்வளவுதான்.

சவுத் டகோட்டா மாநிலத்தில் குளிர்காலம் வந்தால் நல்ல பூட்ஸ் இல்லாதவன் வீட்டைவிட்டு வெளியே வர முடியாது. அதனால் வெர்லின் என்ன பேசினாலும் ஊர் அவரிடம்தான் வந்தாக வேண்டியிருந்தது. பிறகு ஊரில் இணைய வசதி வேகம் எடுத்தது.

முதலில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கடைக்கு வருகிறவர்கள் குறையவில்லை. வருவார்கள், அளவு கொடுப்பார்கள், நாலு ஜோடி போட்டுப் பார்ப்பார்கள், கம்பளத்தில் இங்கும் அங்கும் நடப்பார்கள். "அருமையா இருக்கு வெர்லின். யோசிச்சுச் சொல்றேன்" என்று போய்விடுவார்கள். ஊரே திடீரென்று யோசிக்க ஆரம்பித்துவிட்டதே என்று அவர் ஆச்சரியப்பட்டார். பூட்ஸ் வாங்குவதில் அப்படி என்ன யோசனை?

பாஸ்டர் ஸ்டென்ஸ்லி ஒரு செவ்வாய்க்கிழமை வந்து, பழுப்பு நிறத் தோல் பூட்ஸைப் போட்டு வெகுநேரம் நடந்தார். பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த எண்ணைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். யோசிப்பதாகச் சொல்லிவிட்டு வெளியே போய்க் காரில் உட்கார்ந்தார். கார் கிளம்பவில்லை. வெர்லின் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பாஸ்டர் குனிந்து கட்டைவிரலால் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். ஜெபம் செய்கிறாரோ என்று முதலில் நினைத்தார். கட்டைவிரலால் யாரும் ஜெபம் செய்வதில்லை என்று பிறகுதான் தோன்றியது.

அடுத்த வெள்ளிக்கிழமை, பார்சல் வண்டி ஓட்டுகிறவர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வெர்லின் கடை மேசையில் வைத்தார். "பாஸ்டர் வீட்ல யாரும் இல்ல. வாசல்ல வச்சா பனியில நனைஞ்சிரும். உங்ககிட்ட வச்சுக்கங்க, வந்து வாங்கிக்குவாரு." வெர்லினுக்குப் பெட்டியைப் பிரிக்காமலே உள்ளே இருப்பது தெரிந்தது. நிறம் உட்பட.

பாஸ்டர் வந்தபோது காது சிவந்திருந்தது. குளிர்தான் காரணம் என்று சொல்ல முடியாது.

"வெர்லின், தப்பா எடுத்துக்கக் கூடாது. இணையத்துல வாங்கினா வரி போடறதில்ல. ஊழியக்காரன் சம்பளம் உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் பாஸ்டர்."

"மனசுல வச்சுக்காதீங்க."

"இல்ல பாஸ்டர்."

"ஒரு சின்ன உதவி. இங்க போட்டுப் பாத்தப்பவே வலது கால்ல கொஞ்சம் இறுக்குச்சு. நீங்கதானே அன்னிக்குச் சொன்னீங்க, என் கால் அகலம்னு. கொஞ்சம் அகலப்படுத்திக் குடுங்களேன்."

வெர்லின் அந்த பூட்ஸுக்குள் மரக் கட்டையைச் செருகித் திருகி, இரண்டு நாள் வைத்திருந்து, அகலப்படுத்திக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அதற்கும் வரி போட்டிருக்க வேண்டும்.

அந்தச் செய்தி ஊரில் பரவியது. பார்சல் வண்டிக்கு வெர்லின் கடை வசதியான இடமாகிவிட்டது. வங்கி மேலாளரின் ஷூ, பள்ளி முதல்வரின் ஷூ, கால்நடை மருத்துவரின் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ், எல்லாம் அவர் கடைக்கே வந்து இறங்கின. தன் கடையில் தன் கையால் அளவெடுத்துக் கொடுத்த ஷூக்களை, வேறு எவனோ விற்று, அவர் கடையிலேயே கொண்டுவந்து வைத்து, அவரே எடுத்துக் கொடுக்கும்படி ஆயிற்று. பெற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு ஆர்லிஸ் காபி வேறு கொடுத்தாள்.

"எதுக்குக் காபி?" என்று கேட்டார் வெர்லின்.

"வந்தவங்களுக்குக் காபி குடுக்காம அனுப்பறதா? நம்ம வீட்டுப் பழக்கமா அது?"

இந்த அநியாயத்துக்கெல்லாம் ஒரே காரணம் வரிதான் என்று வெர்லின் முடிவுக்கு வந்தார். அவர் நூறு டாலருக்கு விற்றால் மாநிலத்துக்கும் ஊருக்குமாகச் சேர்த்து ஆறு டாலருக்கு மேல் வசூலித்தாக வேண்டும். மாநிலத்தில் கடை, கிடங்கு எதுவும் இல்லாத வெளிமாநில வியாபாரி ஒரு காசு வசூலிக்க வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றம் எப்போதோ எழுதிய தீர்ப்பு அப்படிச் சொன்னது. அந்த ஆறு டாலரை மட்டும் அவன் தலையிலும் வைத்துவிட்டால் போதும், ஊர் மொத்தமும் திரும்பி வந்துவிடும். மைத்துனன் லோவெலிடம் இதைக் காபிக் கடையில் தினமும் சொன்னார். லோவெல் ஆர்லிஸின் தம்பி, விதை வியாபாரி, எதையும் மென்று முழுங்கிப் பேசத் தெரியாதவன்.

"நீ தலைநகரத்துக்கு, பியர் ஊருக்குப் போய், சட்டசபையில சொல்லு மச்சான்" என்றான் லோவெல். "இங்க என் காதுல ஊத்தி என்ன பிரயோஜனம்?"

"சொல்லத்தான் போறேன். கூட யார் வருவா?"

"எல்லாரும் வருவோம். உன்மேல எங்களுக்கு அம்புட்டுப் பாசம்."

சொன்னபடியே வந்தார்கள். வெளிமாநில வியாபாரியும் வரி வசூலிக்க வேண்டும் என்கிற மசோதா மீது சட்டசபைக் குழு கருத்துக் கேட்கிற நாளன்று தேவாலயத்துப் பேருந்து நிறைய ஆட்களோடு தலைநகர் பியருக்குக் கிளம்பியது. பாஸ்டர் வண்டி ஓட்டினார். வழியெல்லாம் பனிக்காற்று. வெர்லின் தான் பேச வேண்டியதை உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு முறையும் பேருந்து கை தட்டியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

குழுவின் தலைவி செனட்டர் ப்ரூக்கர்ட் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு கேட்கிற அம்மாள். வெர்லின் நன்றாகத்தான் பேசினார். சிறு ஊர்க் கடைக்காரன் வரி வசூலித்துக் கொடுக்கிறான், அந்தக் காசில் சாலை போடுகிறார்கள், அந்தச் சாலையில்தான் வெளிமாநிலக்காரனின் பார்சல் வண்டி ஓடுகிறது என்று சொன்னபோது இரண்டு உறுப்பினர்கள் எழுதிக்கொண்டார்கள்.

"ஒரு விஷயம், ஹாக்ஸ்டாட் ஐயா" என்றார் செனட்டர். "விக்கிறவர் வசூலிக்கலைன்னா வாங்கறவரே கணக்குச் சொல்லி அந்த வரியைக் கட்டணும்னு நம்ம சட்டத்துல ஏற்கெனவே இருக்கே. அது உங்களுக்குத் தெரியுமா?"

வெர்லினுக்குத் தெரியாது. "அப்படி யாராவது கட்டறாங்களாம்மா?" என்று உண்மையாகவே கேட்டார்.

அறை முழுக்கச் சிரித்தது. செனட்டரும் கொஞ்சம் சிரித்தார். "உங்க ஊர்க்காரங்க உங்க பின்னாலதான் உக்காந்திருக்காங்க. அவங்களையே கேக்கலாமே?"

வெர்லின் திரும்பிப் பார்த்தார். வழக்கம்போல முதலில் கால்களைப் பார்த்தார். வரிசையாகப் புதுப் பூட்ஸ்கள். அத்தனையும் அவர் அளவெடுத்தவை, ஒன்றுகூட அவர் விற்றதில்லை. அவர் பார்ப்பதை ஊர் பார்த்தது. ஒவ்வொரு ஜோடியாக நாற்காலிகளுக்கு அடியில் பின்னுக்குப் போயின. பாஸ்டருடையது மட்டும் போகவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

காட்டிக்கொடுக்க வெர்லினுக்கு மனம் வரவில்லை. "எங்க ஊர்க்காரங்க நல்லவங்கம்மா. யார்கிட்ட எப்படிக் கட்டறதுன்னுதான் தெரியல" என்றார்.

"சரி. நீங்க கட்டியிருக்கீங்களா?"

"நான் வெளியில எதுவும் வாங்கறதே இல்ல."

"இந்த டை ரொம்ப நல்லா இருக்கே. இது எங்க வாங்கினது?"

வெர்லின் குனிந்து தன் கழுத்தைப் பார்த்தார். நீலத்தில் மஞ்சள் காட்டுக்கோழி போட்ட டை. இந்த நாளுக்கென்று ஆர்லிஸ் கொடுத்தது. ரைடலில் டை விற்கிற கடை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது என்பது அந்தக் கணத்தில்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. அவர் மெல்ல ஆர்லிஸைத் தேடினார். அவள் கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பத்திரிகையில் அவர் படம் வந்தது. பேச்சைப் பற்றி ரெண்டு வரி, டையைப் பற்றி ஒரு பத்தி. வெர்லின் இரண்டு நாள் ஆர்லிஸோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே பேசினாள்.

"அந்த அம்மா கேட்டதும் நல்லதுக்குத்தான். சட்டம் வேணும்னு பேச வந்தவன் பொண்டாட்டியே வரி கட்டலைன்னா, சட்டம் எவ்வளவு அவசியம்னு பாருங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கலாம்ல நீ?"

"நீ ஏன் சொல்லல?"

"என்னை யாரும் கேக்கலையே."

உண்மையிலேயே குழுவுக்கு அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். மசோதா நிறைவேறியது. வெளிமாநிலக்காரன் இந்த மாநிலத்துக்குள் ஒரு லட்சம் டாலருக்கு மேல் விற்றாலோ, இருநூறு தடவை விற்றாலோ, வரி வசூலித்துக் கட்ட வேண்டும். பெரிய நிறுவனங்கள் வழக்குப் போட்டன. வழக்கு ஒவ்வொரு படியாக ஏறி வாஷிங்டனில் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. அதற்குள் இரண்டு குளிர்காலங்கள் கடந்தன. வெர்லின் தினமும் செய்தி பார்த்தார். எதிர்த்தரப்பு வக்கீல் ஒருவன், "எங்கள் கட்சிக்காரர்கள் அந்த மாநிலத்து மண்ணை மிதித்ததுகூட இல்லை, அங்கே அவர்கள் ஏன் வரி வசூலிக்க வேண்டும்?" என்று தொலைக்காட்சியில் கேட்டபோது, வெர்லின் கையிலிருந்த பிஸ்கட்டைத் திரையை நோக்கி வீசினார். கோடை தொடங்கிய ஒரு வியாழக்கிழமை தீர்ப்பு வந்தது. சவுத் டகோட்டா ஜெயித்தது. நாட்டிலுள்ள எந்த மாநிலமும் இனிமேல் இப்படிக் கேட்கலாம்.

தேவாலயத்து அடித்தள மண்டபத்தில் விருந்து. உருளைக்கிழங்கு போட்டுச் சுட்ட கறித் தட்டுகள், பாலேடு ஊற்றிச் சுட்ட கூகன் கேக், காபி. பாஸ்டர் நன்றி ஜெபத்தில் வெர்லினுடைய பெயரைச் சொன்னார். வெர்லின் எழுந்து, "நாளையிலேர்ந்து எனக்கும் அவனுக்கும் ஒரே விலை" என்றார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அந்த நம்பிக்கையில் வங்கியில் கடன் வாங்கிச் சரக்கு இறக்கினார். குளிர்காலத்து பூட்ஸ், அகலப் பாதங்களுக்கான ரகங்கள், மெழுகு பூசிய தோல் நாடாக்கள் பீப்பாய்க் கணக்கில். கண்ணாடியைத் துடைத்தார். கதவில் புது மணி தொங்கவிட்டார்.

மணி அடித்தது. வந்தது பார்சல் வண்டிக்காரர்.

இலையுதிர் காலம் வந்தது. மணி அடிக்கும்போதெல்லாம் ஒன்று பார்சல், இல்லையென்றால் பார்சலை வாங்கிக்கொள்ள வருகிறவர். முன்பு "யோசிச்சுச் சொல்றேன்" என்பதற்காகவாவது வந்தவர்கள், இப்போது அதற்கும் வரவில்லை. அளவுதான் ஏற்கெனவே தெரியுமே. அவர்தானே சொன்னார்.

ஒருநாள் லோவெலின் டிரக்கில் போகும்போது வெர்லின் கேட்டார். "என்னடா நடக்குது? வரி ஒண்ணாயிருச்சு. விலை ஒண்ணாயிருச்சு. பின்ன ஏன் ஒருத்தனும் வரல?"

லோவெல் சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். சோளக் கட்டைகள் நின்ற வயல்கள் இருபுறமும் ஓடின.

"சொன்னா கோவிச்சுக்குவ."

"சொல்லுடா."

"வரின்னு ஒண்ணு இருந்த வரைக்கும் எங்களுக்குச் சொல்லிக்க ஒரு சாக்கு இருந்துச்சு மச்சான். நீ அதையும் பிடுங்கிட்ட."

"புரியல."

"உன் கடைக்கு வந்தா காலைக் காட்டணும். காலைக் காட்டினா நீ பேசுவ. என் பொண்டாட்டி கால் ஆணியைப் பத்தி நீ பேசினது தானிய மண்டி வரைக்கும் தெரிஞ்சுபோச்சு. அவ ஆறு மாசம் அந்தப் பக்கமே போகல. கம்ப்யூட்டர்ல வாங்கினா அது என்ன சைஸ்னு மட்டும்தான் கேக்கும். பரம்பரையைப் பத்திக் கேக்காது."

"நான் நல்லதுக்குத்தானே சொன்னேன்?"

"அதை யார் இல்லேன்னா? ஆனா நல்லதுக்குச் சொல்றவனுக்குக் காசு குடுத்து, கூடவே வரியும் குடுத்து, கேட்டுட்டு வரணுமா?"

வெர்லின் அதற்கப்புறம் பேசவில்லை. அன்று மட்டுமல்ல, பல நாட்களுக்கு. கடையில் உட்கார்ந்திருப்பார்; பார்சலை எடுத்துக் கொடுப்பார்; யார் காலையும் பார்க்கமாட்டார். தெருவில் எதிரே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து "வணக்கம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஊருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "என் கால்ல ஏதோ கோளாறு இருக்கணும், வெர்லின் பார்த்துட்டுச் சொல்லாமப் போறான்" என்று பள்ளி முதல்வர் பயந்து வைத்தியரிடம் போனார்.

ஆர்லிஸுக்குத்தான் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியவில்லை. வங்கிக் கடன் அடையாமல் நின்றது, சரக்கு விற்காமல் நின்றது. அவள் அந்தத் தோல் நாடாக்களை ஜன்னல் வெளிச்சத்தில் அழகாகச் சுருட்டிவைத்துப் படம் எடுத்து, இணையத்தில் விற்பனைக்குப் போட்டாள். ஒரு ஜோடி நாடா, தபால் செலவோடு ஏழு டாலர். வெர்லினிடம் சொல்லவில்லை. மூன்று நாளில் வாஷிங்டன் மாநிலத்து மரம் வெட்டுகிறவன் ஒருவன் கேட்டான். அவன் தன் கூட்டாளிகளிடம் சொல்லியிருக்க வேண்டும். அப்புறம் பென்சில்வேனியா, டெக்சஸ், மேய்ன். நியூயார்க்கில் யாரோ ஒரு பெண் அந்த நாடாவைக் கழுத்தில் மணியோடு கோத்துப் போட்டுப் படம் வெளியிட்டாள். அதன்பிறகு ஆர்லிஸால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை.

"எனக்கு உறை ஒட்டிக் குடு, வா" என்றாள்.

வெர்லின் முதலில் முறைத்தார். "அவனுங்க பண்ற வேலையை நாம பண்றதா?"

"அவனுங்க வரி கட்டாம பண்ணாங்க. இப்பதான் எல்லாம் ஞாயமாயிருச்சே. ஒட்டு."

ஒட்டினார். நாலைந்து உறைகள் ஒட்டியதும் கை சும்மா இருக்கவில்லை. ஒரு காகிதத் துண்டில் எழுதி உள்ளே வைத்தார்: 'இவ்வளவு நீள நாடா கேட்கிறீர்கள் என்றால் உங்கள் கணுக்கால் உயரமானது. மேல் கொக்கியில் இறுக்காதீர்கள், ரத்தம் ஓடாது.' அடுத்த உறைக்கும் ஒன்று. வாங்கியவர்கள் அதைப் படம் எடுத்து வெளியிட்டார்கள். என் கணுக்காலைப் பற்றி இந்த உலகத்தில் அக்கறை காட்டிய ஒரே மனிதர் என்று ஒருவர் எழுதியிருந்தார். வெர்லின் அதை அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். பழைய குரல் திரும்பியது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர்கள் விற்ற நாடாவைக் கட்டி இழுத்தால் ரைடலை மினசோட்டா வரைக்கும் நகர்த்தியிருக்கலாம் என்று லோவெல் சொன்னான்.

வசந்தத்தில் முதல் அரசாங்க உறை வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு தபால்காரர் கட்டாகவே கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாநிலத்திலிருந்து. எல்லாவற்றிலும் ஒரே விஷயம்: எங்கள் மாநிலத்தில் இருநூறு தடவைக்கு மேல் விற்றிருக்கிறீர்கள், பதிவு செய்துகொண்டு வரியை வசூலித்துக் கட்டவும். சவுத் டகோட்டா வகுத்த வரம்பைப் பல மாநிலங்கள் எழுத்து மாறாமல் எடுத்துக்கொண்டிருந்தன. ஒரு லட்சம் டாலருக்கு விற்றால் என்கிற பகுதி வெர்லினுக்குப் பொருந்தவில்லை. ஏழு டாலர் நாடா இருநூறு தடவை என்பது கச்சிதமாகப் பொருந்தியது.

"இது என்ன அநியாயம்? அந்த மாநிலத்துப் பக்கம் நான் தலைவச்சுப் படுத்ததுகூடக் கிடையாது. அவனுக்கு நான் எதுக்கு வரி வசூல் பண்ணணும்?" என்று கத்தினார்.

ஆர்லிஸ் உறை ஒட்டுவதை நிறுத்தாமல் சொன்னாள். "இதைச் சொன்னதுக்குத்தான் டிவி மேல பிஸ்கட் அடிச்ச."

"அவன் கோடீஸ்வரன். நான் நாடா விக்கிறவன்."

"சட்டத்துக்கு அது தெரியணும்னா நீ அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

சில மாநிலங்களில் நாடா துணிமணிக் கணக்கு. துணிமணிக்கு வரி இல்லை. சிலவற்றில் அது உதிரிப் பாகம், வரி உண்டு. ஒரு மாநிலத்தில் ஷூவோடு சேர்த்து விற்றால் ஒன்று, தனியாக விற்றால் வேறு. மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுகிற மாநிலமும் இருந்தது. கணக்கரைக் கேட்டார்கள். அவர் கேட்ட கூலி, வெர்லின் மொத்தமாகக் கட்ட வேண்டியிருந்த வரியைப்போலப் பல மடங்கு.

வெர்லின் மறுபடி பியருக்குப் போனார். இந்த முறை பேருந்து இல்லை. லோவெல் மட்டும் வந்தான். சிறு வியாபாரிகளுக்காகச் சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்று ஒரு திருத்தம் குழு முன் வந்திருந்தது. செனட்டர் ப்ரூக்கர்ட்டின் தலை இன்னும் கொஞ்சம் நரைத்திருந்தது. கண்ணாடி அதே இடத்தில் இருந்தது.

வெர்லின் உணர்ச்சியோடு பேசி முடித்தார். செனட்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்க முன்னாடி ஒரு தடவை இங்க வந்திருக்கீங்கல்ல?"

"வந்திருக்கேம்மா."

"அப்ப வேற பக்கம் நின்னு பேசினதா எனக்கு ஞாபகம்."

"இல்லம்மா. அதே பக்கந்தான். என் பக்கம்."

லோவெல் பின்னாலிருந்து கைதட்டிவிட்டு, கூடாது என்று யாரோ சொன்னதும் நிறுத்தினான். செனட்டர் பொறுமையாக விளக்கினார். இந்தக் குழு மாற்றக்கூடியது சவுத் டகோட்டாவின் சட்டத்தைத்தான்; வெர்லினைப் பிடித்திருப்பது மற்ற மாநிலங்களின் சட்டம். இங்கே மாற்றினால் அதன் பலன் சவுத் டகோட்டாவுக்குள் விற்கிற வெளியூர்ச் சிறு வியாபாரிகளுக்குத்தான் போகும்.

"பரவாயில்லம்மா. யாராவது ஆரம்பிக்கணும்ல? போன தடவையும் நாமதானே ஆரம்பிச்சோம்" என்றார் வெர்லின்.

திருத்தம் நிறைவேறியது. இருநூறு தடவை என்கிற வாசகம் சவுத் டகோட்டாவில் நீக்கப்பட்டது. அந்த வாரமே பாஸ்டர் ஸ்டென்ஸ்லி கடைக்கு வந்து பார்சல் ஒன்றை வாங்கிக்கொண்டார். ஒரேகானில் கேரேஜில் வைத்துப் பூட்ஸ் தைக்கிற ஒருவரிடம் வாங்கியதாம். சிறு வியாபாரி.

"வரி போடல, வெர்லின்" என்றார் பாஸ்டர், கனிவோடு. "உங்களாலதான்."

மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாக யோசித்தன. சில அந்த வாசகத்தை எடுத்துவிட்டன, சில எடுக்கவில்லை. எடுக்காத மாநிலங்களுக்கு வெர்லின் தொலைபேசியில் பேச ஆரம்பித்தார். வரி அலுவலகங்களில் கேள்வி கேட்க ஓர் எண் இருக்கும். அழைத்தால் வாத்தியம் வாசிப்பார்கள், நெடுநேரம் கழித்து ஒரு குரல் வரும். வெர்லின் காத்திருக்கத் தயங்கவில்லை. கடையில் வேறு வேலை என்ன? காதில் கருவியை மாட்டிக்கொண்டு உறை ஒட்டுவார்.

இப்படித்தான் டெலோரா அம்மாள் கிடைத்தாள். தெற்கே ஒரு மாநிலத்து வரி அலுவலகம். எந்த மாநிலம் என்று வெர்லின் வெளியே சொல்வதில்லை, அந்த அம்மாள் வேலைக்கு உலை வைக்கக் கூடாது என்று. முதல் அழைப்பில் நாடா உதிரிப் பாகமா இல்லையா என்பதைப் பற்றி மட்டும் பேசினார்கள். இரண்டாவது அழைப்பில் அவள் பேச்சின் நடுவே மெல்ல முனகினாள்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் வெர்லின்.

"ஒண்ணுமில்லங்க. நாள் பூரா நின்னுக்கிட்டு ஃபைல் எடுக்கிறது. குதிகால் ரெண்டும் விண்ணு விண்ணுன்னு வலிக்குது."

வெர்லின் கையிலிருந்த உறையைக் கீழே வைத்தார்.

"காலையில எந்திரிச்சு முதல் அடி வைக்கும்போது அதிகமா வலிக்குதா, சாயங்காலமா?"

"காலையில. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"உங்களுக்குப் பாதம் தட்டையா? ஈரக் காலோட தரையில நின்னா பூரா தடமும் விழுமா?"

"விழும். எங்கம்மாவுக்கும் அப்படித்தான்."

"அம்மாவுக்கும் அப்படித்தானா? அப்ப நல்லாச் சொல்லுங்க, அவங்க எந்தப் பக்கம் சாஞ்சு நடப்பாங்க?"

மறுமுனையில் டெலோரா யோசித்துச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் அம்மாவைப் பற்றி, அம்மாவின் அக்காவைப் பற்றி, அவர்கள் குடும்பத்தில் கல்யாணத்துக்குக்கூட ஷூ அமையாத ஒரு மாமனைப் பற்றி. அவளுக்குப் பக்கத்து மேசைக்காரிக்கும் ஏதோ விரல் தொந்தரவாம். அவளும் இணைப்பில் வந்தாள். ஆர்லிஸ் எதிரே உட்கார்ந்து இவருடைய பங்கு உறைகளையும் தன் பக்கம் இழுத்து ஒட்டிக்கொண்டிருந்தாள். பேசி முடித்து வைத்தபோது வெர்லின் முகம் விருந்தன்று இருந்ததைவிடப் பிரகாசமாக இருந்தது.

"வரி என்ன ஆச்சு?" என்று கேட்டாள் ஆர்லிஸ்.

"அதைக் கேக்க மறந்துட்டேன். நாளைக்கு மறுபடி கூப்பிடணும்" என்றார். பிறகு எழுந்துபோய் அலமாரியில் அகலப் பாதத்துக்கான வரிசையில் கையை ஓட்டி, இருவரும் சொன்ன அளவில் டெலோராவுக்கு ஒரு ஜோடி, பக்கத்து மேசைக்காரிக்கு ஒரு ஜோடி எடுத்துவந்து, அனுப்புவதற்காக மேசைமேல் வைத்தார்.